சுருங்கிய குடலுக்குச் சாட்சி நின்ற டாக்டரம்மாவுக்கு

கத்தி காணாததைக் கண்ணால் கண்டவரே! கடுகளவு சதையில் ஒரு குடும்பத்தின் கதியைக் கலங்காமல் படித்தவரே! முப்பத்து நான்கு ஆண்டுகள், மூடி திறந்தாலே மூக்கைப் பிடுங்கும் பார்மலின் நெடியில், முதுகு வளைய, முழங்கால் வலிக்க, மூக்குக்கண்ணாடி நழுவ நழுவ நுண்ணோக்கியின் முன்னால் அமர்ந்திருந்தவரே! கோபித்தால் கொதிநீராகவும் குளிர்ந்தால் குடிநீராகவும் இருந்து எங்களைக் குழப்பியவரே! நோயாளி ஒருவரும் முகம் அறியாத, ஆனால் நோயாளிகள் அத்தனை பேரின் உள்ளும் அறிந்த எங்கள் நோய்க்குறியியல் பிரிவின் தலைவியே! டாக்டரம்மா! வணக்கம்.

இதற்கு மேலும் அடுக்கலாம். சூரியனே, கலங்கரை விளக்கே, கருணைக் கடலே என்று எழுதிக் கொடுக்க ஆள் இருக்கிறார்கள். ஆனால் நம் பிரிவு கட்டடத்தின் அடித்தளத்தில் இருக்கிறது. வெளிச்சம் எல்லாம் குழல் விளக்குதான். சூரியனைப் பற்றி எங்களுக்கு என்ன தெரியும்? 'தாங்கள்' என்று எழுதினால் நீங்களே திரும்பிப் பார்த்து, யாரைச் சொல்கிறார்கள் என்று கேட்பீர்கள். ஆகவே நீங்கள் என்றே எழுதுகிறோம். பூசி மெழுகாமல் எழுதுகிறோம்.

உங்கள் கையெழுத்து மோசம். அதை முதலில் சொல்லிவிடுகிறோம். முப்பத்து நான்கு ஆண்டுகளில் அதை முழுவதும் படிக்கத் தெரிந்தவர் சாயம் போடும் அக்கா ஒருவர்தான். அவரும் பாதியை ஊகித்துத்தான் படித்தார். டீ குடிக்க வெளியே போனால் பாதி டீயை மறந்துவிட்டு உள்ளே ஓடி வருவீர்கள். தாழ்வாரத்தின் சுவர் விளிம்பு முழுக்க நீங்கள் விட்டுப்போன பாதி டீக்கள்தான். பாட்டிலில் பெயர்ச்சீட்டு ஒரு பக்கமாக ஒட்டியிருந்தால் உலகமே சரிந்துவிட்டது போலக் கத்துவீர்கள். "இது யாரோட வயித்துல இருந்ததுன்னு அந்த வயித்துக்காரருக்குத் தெரிய வேணாமா?" என்பீர்கள். கத்திய வாயோடு அந்தச் சீட்டை நீங்களே நேராக ஒட்டுவீர்கள். எத்தனையோ பேர் தலைமைக்கு வந்தார்கள், எத்தனையோ பேர் கத்தினார்கள். கத்திவிட்டுச் சீட்டை ஒட்டியவர் நீங்கள் ஒருவர்தான்.

நேர்மை, உழைப்பு, நேரந்தவறாமை இவையெல்லாம் மேடையில் மற்றவர்கள் சொல்வார்கள். நாங்கள் சொல்லப்போவது ஒன்றே ஒன்று. ஆறு ஆண்டுகளாக நம் அறையின் நான்கு சுவருக்குள் இருந்தது அது. உங்கள் கோப்பில் ஒரு கண்டனக் குறிப்பாக மட்டும் வெளியே தெரிந்தது. அது ஏன் வந்தது என்று இந்த மண்டபத்தில் உள்ளவர்களுக்குத் தெரியாமல் நீங்கள் வீட்டுக்குப் போகக் கூடாது.

நம் பிரிவில் வெட்டுமேசை உதவியாளர் ஒருவர் இருக்கிறார். யாரையும் நம்பமாட்டார். லிப்டில் எழுதியிருக்கும் எடைக் கணக்கை நம்பாமல் படியேறி வருவார். ஆபரேஷன் தியேட்டரிலிருந்து பாட்டில் வந்தால், சீட்டில் இருப்பதை நம்பாமல் தானே அளந்து பார்த்து ஒரு பழைய நோட்டில் பென்சிலால் குறித்துக்கொள்வார். டாக்டர்களை நம்பமாட்டார், படித்தவன் பழியைப் படிக்காதவன் தலையில் வைப்பான் என்பது அவர் கணக்கு. ஆகவே அவருக்கு நம் பிரிவில் 'சந்தேகத்தார்' என்று பெயர். ஓய்வு வயது தாண்டிய பின்னும், ஒப்பந்தத்தில், இன்றும் அதே மேசையில் நிற்கிறார். அவர் சொன்னதை அவர் சொன்னபடியே எழுதுகிறோம்.

ஆறு ஆண்டுகளுக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை. நீங்கள் மதியத்துக்கு மேல் கண் பரிசோதனைக்குப் போயிருந்தீர்கள். தியேட்டரிலிருந்து ஒரு குடல் வந்தது. பள்ளிப் பேருந்து ஓட்டும் ஒருவருடையது, ஐம்பத்திரண்டு வயது. இடது அடிவயிற்றில் வலி, வெளிக்குப் போவதில் சிக்கல். எக்ஸ்ரேயில் பெருங்குடலின் கீழ்ப்பகுதி ஓரிடத்தில் விரல் நீளத்துக்கு ஒட்டிப்போய்த் தெரிந்தது. புற்றாக இருக்கும் என்று பெரிய சர்ஜன் அந்தப் பகுதியை வெட்டி எடுத்து, மேலும் கீழும் இணைத்துத் தைத்துவிட்டு, துண்டை நம்மிடம் அனுப்பினார். சீட்டில் பதினெட்டு சென்டிமீட்டர் என்று எழுதியிருந்தது. சந்தேகத்தார் அளந்தார். பதினெட்டுதான். நோட்டில் குறித்தார்.

குடல் வந்தால் நம் வழக்கம் என்னவென்று மண்டபத்தில் உள்ளவர்களுக்குச் சொல்ல வேண்டும். நுனி மழுங்கிய கத்திரியால் நீளவாக்கில் திறந்து, கழுவி, கார்க் பலகையில் விரித்து, ஓரமெல்லாம் குண்டூசி குத்தி, பார்மலினில் தலைகீழாக மிதக்கவிடுவோம். இரண்டு நாளில் அது விரித்தபடியே இறுகிவிடும். பிறகு டாக்டர் பார்த்து, வேண்டிய இடத்தில் துண்டு எடுப்பார். டாக்டர் பார்க்கும் முன் நீளவாக்கில் திறக்கலாம். குறுக்கே மட்டும் கத்தி படக் கூடாது. அது சுவரில் எழுதி ஒட்டாத, ஆனால் வேலையே போகிற சட்டம்.

சந்தேகத்தார் திறந்தார். முக்கால்வாசி திறந்ததும் கத்திரி நின்றுவிட்டது. முன்னால் ஓட்டை இல்லை. அழுத்தினால் கிழியும். சரி, திறந்த வரைக்கும் விரிப்போம் என்று குண்டூசி குத்தினார். ஒரு பக்கம் குத்தினால் மறுபக்கத்துக் குண்டூசி பிடுங்கிக்கொண்டு பறந்தது. ஒன்று சுவரில் போய் விழுந்தது. இன்னொன்று அவர் கையுறையைக் கிழித்தது.

"சனியனே, செத்த குடலுக்கு இவ்வளவு திமிரா?" என்றார்.

வழக்கமாகப் பன்னிரண்டு குண்டூசி போதும். அன்றைக்கு டப்பா காலியானது. திறக்காத அந்த நுனிதான் மொத்தத்தையும் சுருக்கிச் சுருக்கி இழுத்துக்கொண்டிருந்தது. அறையில் வேறு யாரும் இல்லை. சந்தேகத்தார் கதவைப் பார்த்தார். கத்தியை எடுத்து அந்த நுனியைக் குறுக்கே வெட்டினார். மூன்று விரல் அகலம் இருக்கும். அதை ஒரு சின்ன பாட்டிலில் பார்மலினில் போட்டார். மிச்சத்தை இழுத்து விரித்தார். இப்போது சொன்ன பேச்சு கேட்டது. திங்கட்கிழமை டாக்டரம்மாவிடம் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தார்.

திங்கட்கிழமை வந்தது. அவர் சொல்லவில்லை. பாட்டில் கீழ்த் தட்டில், காலாவதியான சாயப் புட்டிகளுக்குப் பின்னால் போனது.

நீங்கள் பலகையைப் பார்த்தீர்கள். தடவிப் பார்த்தீர்கள். எடுக்க வேண்டிய இடத்திலெல்லாம் துண்டு எடுத்தீர்கள். செவ்வாய்க்கிழமை, அந்தத் துண்டுகளை மெல்லிசாகச் சீவி ஒட்டிய கண்ணாடிச் சில்லுகள் வந்தன. ஒவ்வொன்றாகப் பார்த்தீர்கள். புற்று இல்லை. சதைச் சுவர் தடித்திருந்தது. வெளிப்பக்கம் இரண்டு சிறு பைகள் பிதுங்கியிருந்தன. அப்படியே எழுதி அனுப்பினீர்கள்.

சர்ஜன் கீழே இறங்கி வந்தார். அவர் நம் அடித்தளத்துக்கு வந்தது அதுதான் முதல் முறை. கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்றுகூடத் தெரியவில்லை அவருக்கு. இழுக்க வேண்டியதைத் தள்ளிக்கொண்டு நின்றார்.

"மேடம், எக்ஸ்ரேல விரல் நீளத்துக்கு அடைப்பு. என் கையால தொட்டுப் பாத்தேன், மரக்கட்டை மாதிரி இருந்துச்சு. உங்க பலகைல அந்த அடைப்பு எங்க?"

"சதை தடிச்சிருக்கு சார். அதுவே அடைக்கும்."

"தடிச்ச சதை இவ்வளவு அடைக்காது. பலகைல பாருங்க, பாய் விரிச்ச மாதிரி இருக்கு. உங்க ரிப்போர்ட்ல நீளம் இருபத்தாறு சென்டிமீட்டர் வேற. நான் அனுப்பினது பதினெட்டு. ஒண்ணு, குடல் மாறியிருக்கு. இல்லன்னா அடைப்பு இன்னும் அவர் வயித்துக்குள்ளயே இருக்கு."

"குடல் மாறல. சீட்டு, எண் எல்லாம் நானே பாத்தேன்."

"அப்போ உள்ளதான் இருக்கு. வெள்ளிக்கிழமை மறுபடி திறக்கிறேன். இந்தத் தடவ கீழ் வரைக்கும் எடுத்துட்டு, மலம் போக வெளிய பை வச்சிட வேண்டியதுதான்."

அவரைக் குறை சொல்ல முடியாது. கையால் தொட்டவர் அவர். உங்களுக்கும் அன்றைக்குக் கணக்கு இடித்தது. பதினெட்டு எப்படி இருபத்தாறு ஆகும்? அளவுகோலை எடுத்து மூன்று முறை அளந்தீர்கள். சந்தேகத்தார் பக்கத்தில் நின்று வாளியைக் கழுவிக்கொண்டிருந்தார். கழுவிய வாளியையே மறுபடியும் கழுவினார். 'சொன்னால் நான் போவேன், சொல்லாவிட்டால் யாரும் போகமாட்டார்கள். அவர்கள் பாட்டுக்குத் திறந்து பார்த்து மூடிக்கொள்ளட்டும்' என்று நினைத்ததாகச் சொல்கிறார். மறைக்காமல் எழுதச் சொன்னார். எழுதிவிட்டோம்.

புதன்கிழமை காலை ரிப்போர்ட் கொடுக்கும் கவுண்டருக்கு ஒரு பெண் வந்தார். மேல் மாடிக்குப் போக வேண்டியவர் வழி தவறிக் கீழே வந்துவிட்டார். கையில் ஒரு பிளாஸ்கும் மடித்த போர்வையும். கவுண்டரில் சந்தேகத்தார்தான் இருந்தார்.

"ஐயா, இங்க கேக்கலாமா? எங்க வீட்டுக்காரருக்கு வெள்ளிக்கிழமை மறுபடி ஆபரேஷன்னு சொல்றாங்க."

"இங்க கேக்கக் கூடாது. மேல போய்க் கேளுங்கம்மா."

"மேல கேட்டுட்டேன். வயித்துக்கு வெளிய பை தொங்கும், அது அப்படியேதான் இருக்கும்னாங்க. அதோட பஸ் ஓட்டலாமான்னு கேட்டா யாரும் சொல்ல மாட்டேங்கிறாங்க. அவரு பின்னாடி நாப்பது பிள்ளைங்கள உக்கார வச்சு ஓட்டுறவரு. கியர் போட, குனிய, நிமிர..."

"எனக்கு அதெல்லாம் தெரியாதும்மா."

"ரொம்பப் பேசமாட்டாரு. நேத்து என்கிட்ட மட்டும் கேட்டாரு, 'ஒரு தடவ கிழிச்சதுல என்னடி இல்லாம போச்சு, மறுபடி தேடுறாங்க?'ன்னு."

சந்தேகத்தார் கவுண்டர் கதவை இழுத்து மூடினார். அந்தப் பெண் போன பிறகும் கதவைப் பிடித்தபடியே நின்றார். பிறகு கீழ்த் தட்டுக்கு முன்னால் மண்டியிட்டு, காலாவதியான புட்டிகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைத்தார். கடைசியில் அந்தச் சின்ன பாட்டிலைக் கையில் எடுத்துக்கொண்டு உங்கள் அறைக்கு வந்தார்.

நீங்கள் நுண்ணோக்கியிலிருந்து தலை தூக்கவில்லை.

"என்ன?"

"வேலைய விட்டு எடுத்துடுங்க டாக்டரம்மா."

"எதுக்கு?"

அவர் பாட்டிலை மேசையில் வைத்தார். நடந்ததைச் சொன்னார். கத்திரி நின்றது, குண்டூசி பறந்தது, டப்பா காலியானது, குறுக்கே வெட்டியது. ஒரே மூச்சில், யாரோ பின்னால் துரத்துகிறவர் போலச் சொன்னார். நீங்கள் கத்துவீர்கள் என்று காத்திருந்தார்.

நீங்கள் கண்ணாடியை மேலே தள்ளினீர்கள்.

"இருங்க இருங்க. குண்டூசி பறந்துச்சா?"

"ஆமா."

"எந்தப் பக்கம் இழுத்துச்சு? அகலத்துலயா, நீளத்துலயா?"

"நீளத்துல. ரப்பர் மாதிரி. விட்டா சுருங்கிச்சு, இழுத்தா நீண்டுச்சு, விட்டா மறுபடி சுருங்கிச்சு."

"திறக்குறதுக்கு முன்னாடி அளந்தீங்களா?"

"பதினெட்டு. சீட்ட நான் நம்ப மாட்டேன்ல, நோட்டுல இருக்கு."

அப்போது நீங்கள் சிரித்தீர்கள் என்கிறார் சந்தேகத்தார். அவருக்கு அது பிடிக்கவில்லை. தன் கழுத்தில் கத்தி இருக்கும்போது இந்த அம்மா ஏன் சிரிக்கிறார் என்று மேலும் சந்தேகப்பட்டார். சாயம் போடும் அக்காவைக் கூப்பிட்டீர்கள். "எலாஸ்டின் சாயம் எடும்மா. பலகைத் துண்டுக்கும் போடு, இந்தப் பாட்டில் துண்டுக்கும் போடு. நாளைக்கு மதியத்துக்குள்ள வேணும்." அக்கா, "நாளைக்கா?" என்று முகத்தைச் சுளித்தார். "சரி, நாளைக்கு மதியத்துக்கு முன்னாடி," என்றீர்கள்.

பாட்டிலில் இருந்ததை எடுத்தீர்கள். விரிக்காமல், இழுக்காமல், உடம்புக்குள் எப்படி இருந்ததோ அப்படியே இறுகிப்போன ஒரு குழல். பென்சில் நுனி உள்ளே போகவில்லை. அதை நீளவாக்கில் சரிபாதியாகப் பிளந்து சந்தேகத்தாரிடம் காட்டினீர்கள்.

"பாருங்க, என்ன தெரியுது?"

"ஆர்மோனியத் துருத்தி," என்றார் அவர்.

அவருக்குச் சொன்னதைத்தான் மறுநாள் சர்ஜனுக்கும் சொன்னீர்கள். வியாழக்கிழமை மதியம். இந்த முறை அவர் கதவைச் சரியாக இழுத்துத் திறந்துகொண்டு வந்தார். பிளந்த துண்டு ஒரு தட்டில். நுண்ணோக்கியில் சில்லு தயாராக. சந்தேகத்தார் மூலையில், வாளி இல்லாமல், கையை எங்கே வைப்பது என்று தெரியாமல்.

"சார், பெருங்குடலுக்கு வெளிய நீளவாக்குல மூணு நாடா ஓடுதுல்ல? அது மேல பாருங்க. கறுப்பா இருக்கே, அத்தனையும் எலாஸ்டின், ரப்பர் மாதிரி சுருங்குற இழை. சாதாரணக் குடலோட வச்சுப் பாத்தா இது ரெண்டு பங்குக்கு மேல இருக்கும்."

சர்ஜன் குனிந்து பார்த்தார். 

"பாவாடை இடுப்புல எலாஸ்டிக் வச்சுத் தைப்பாங்கல்ல சார். நாடா சுருங்குனா துணி என்ன ஆகும்? மடிப்பு மடிப்பா சுருக்கு விழும். துணி ஒரு முழம்கூடக் கூடல, ஆனா தடியாத் தெரியும். அதேதான். நாடா சுருங்கிடுச்சு. குடலோட நீளம் குறைஞ்சுது. உள்ள இருக்கிற வளையச் சதை போக இடமில்லாம துருத்தி மாதிரி மடிஞ்சு வழிய அடச்சிருச்சு. செல் எண்ணிக்கையும் கூடல, பருமனும் கூடல. நீங்க தொட்ட மரக்கட்டை இதுதான்."

"புற்று?"

"இந்தத் துண்ட முழுசா, ஒரு நூல் விடாம அறுத்துப் பாத்தாச்சு. இல்ல."

"அப்போ பலகைல ஏன் விரிஞ்சு கிடந்துச்சு?"

"நாங்க இழுத்து வச்சுக் குத்திட்டோம். வெட்டினது போக மிச்சத்த இருபத்தாறுக்கு இழுத்தது நாங்கதான். இழுத்ததுல மடிப்பெல்லாம் போயிடுச்சு. மிச்சமிருந்த அடைப்பு இந்தத் துண்டுல இருக்கு. அத நாங்க தனியா வெட்டி வச்சிருந்தோம், உங்களுக்குக் காட்டல."

சர்ஜன் நிமிர்ந்தார். முகம் சிவந்திருந்தது.

"டாக்டர் பாக்கிறதுக்கு முன்னாடி குறுக்க வெட்டினாங்களா? யார் வெட்டினது?"

சந்தேகத்தார் ஒரு அடி முன்னால் வந்தார். நீங்கள் அவர் பக்கம் திரும்பாமலே கையை நீட்டித் தடுத்தீர்கள். பேருந்தில் சட்டென்று பிரேக் போட்டால் பக்கத்தில் இருப்பவருக்குக் கையை நீட்டுவோமே, அப்படி.

"என் பிரிவு வெட்டுச்சு. அன்னைக்கு நான் இருந்திருக்கணும், இல்லாம போயிட்டேன். எழுத வேண்டியது என் பேர்."

"உங்க ஆளக் காப்பாத்துறீங்க."

"ஆமா சார். கூடவே உங்களையும்தான். நாளைக்குத் திறந்திருந்தா உள்ள என்னத்தத் தேடியிருப்பீங்க?"

 சாயம் போடும் அக்கா ஓடிக்கொண்டிருந்த தண்ணீர்க் குழாயை மூடினார். சர்ஜன் மறுபடி ஒருமுறை குனிந்து பார்த்தார். நீண்ட நேரம் பார்த்தார். பிறகு, "படிக்கிற காலத்துல ஒரு ஊதா அட்டைப் பாடப் புத்தகத்துல இதப் பத்திப் படிச்சிருக்கேன். கண்ணால பாத்ததில்ல," என்றார். அவ்வளவுதான் சொன்னார். போகும்போது கதவைத் தள்ளி முட்டிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை அறுவை ரத்தானது. நீங்கள் திருத்தி அனுப்பிய ரிப்போர்ட்டின் அடியில் ஒரு வரி இருந்தது. உங்கள் வாழ்நாளில் எங்களால் படிக்க முடிகிற ஒரே கையெழுத்து அதுதான். 'மாதிரி உரிய மேற்பார்வையின்றி வெட்டப்பட்டது, பொறுப்பு என்னுடையது.' அதற்குத்தான் கண்டனக் குறிப்பு வந்தது. அதனால்தான் அந்த ஆண்டு உங்களுக்கு வர வேண்டிய பதவி உயர்வு வரவில்லை. ஏன் என்று கேட்ட எல்லோருக்கும், "என் கையெழுத்து புரியல போல," என்று சொல்லிச் சிரித்தீர்கள்.

சந்தேகத்தாரை நீங்கள் விசாரிக்கவே இல்லை என்று யாரும் நினைக்க வேண்டாம். மறுநாள் அவரை நிறுத்தி வைத்துத் திட்டினீர்கள். தாழ்வாரம் வரைக்கும் கேட்டது. வெட்டியதற்கு ஒரு பங்கு, ஒளித்ததற்கு மூன்று பங்கு. "அஞ்சு நாள்! அஞ்சு நாள் அந்த மனுசன் படுக்கைல கிடந்து பயந்திருக்கார், உங்க பாட்டில் தட்டுல சொகமா உக்காந்திருக்கு!" என்றீர்கள். அவர் தலையைக் குனிந்து நின்றார். வாழ்க்கையில் அவரை நிறைய பேர் திட்டியிருக்கிறார்கள். அந்தத் திட்டில் மட்டும் ஒரு சொல்லைக்கூடத் தன்னால் மறுக்க முடியவில்லை என்கிறார். முடிவில், "இனிமே குடல் இழுத்துச்சுன்னா என்ன செய்வீங்க?" என்று கேட்டீர்கள். "விட்டுடுவேன்," என்றார். "விட்டுட்டு?" "உங்களக் கூப்பிடுவேன்." அன்று முதல் நம் பிரிவில் குடல் வந்தால் விரிக்கும் முன் அளவு எடுத்து எழுதுகிறோம். திறக்காத ஒரு துண்டு எப்போதும் தனியாக வைக்கிறோம், ஒளிக்காமல், பெயர்ச்சீட்டோடு. அந்த முறையைப் பார்த்துப் போக வேறு மருத்துவமனைகளிலிருந்தும் வந்தார்கள். எங்கிருந்து கற்றீர்கள் என்று கேட்டவர்களிடம் நீங்கள், "எங்க மேசைக்காரர்கிட்ட," என்று சொன்னீர்கள். மேசைக்காரர் அதையும் நம்பவில்லை. கிண்டல் செய்கிறீர்கள் என்றுதான் நினைத்தார். இப்போது நம்புகிறார்.

பேருந்து ஓட்டுநர் பத்தாம் நாள் வீட்டுக்குப் போனார். வாசல் வழியாகப் போகாமல், வண்டி நிறுத்தும் இடத்துக்குப் போக நம் தாழ்வாரம் வழியாகத்தான் நடந்தார். மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு, மெதுவாக. வயிற்றுக்கு வெளியே ஒன்றும் இல்லை. கவுண்டரைக் கடக்கும்போது அந்தப் பெண் சந்தேகத்தாரைப் பார்த்துத் தலையசைத்தார். வழி தவறிய அன்று கடுகடுத்த ஒரு கிழவர் என்ற ஞாபகத்தில்தான் அசைத்திருப்பார். நீங்கள் கதவோரம் நின்றீர்கள். அவர்கள் உங்களைப் பார்க்கவில்லை. யார் என்று தெரிந்தால்தானே பார்ப்பார்கள்? சந்தேகத்தார் கூப்பிட வாய் திறந்தார். நீங்கள் உதட்டில் விரல் வைத்தீர்கள். அவர்கள் மூலை திரும்பும் வரைக்கும் பார்த்துவிட்டு, "நல்லா நிமிந்து நடக்கிறாரு," என்று மட்டும் சொல்லி உள்ளே போனீர்கள்.

முப்பத்து நான்கு ஆண்டுகள் உங்களுக்குக் கிடைத்த சம்பளத்துக்கு மேலான கூலி அது ஒன்றுதான் என்று எங்களுக்குத் தோன்றுகிறது. யாரோ ஒருவர் நிமிர்ந்து நடந்து போவது. போகிறவருக்கு உங்களைத் தெரியாமல் இருப்பது. மேலே இருப்பவர்களுக்குப் பூங்கொத்து வரும், கைகூப்பு வரும். அடித்தளத்துக்குப் பாட்டில்தான் வரும். நீங்கள் அதைக் குறையாக ஒரு நாளும் சொல்லவில்லை. நாங்கள் சொல்கிறோம், இன்று, மேடையில் ஏறி, ஒலிபெருக்கியில்.

சந்தேகத்தாரின் சார்பில் ஒரு வாசகம். அவர் வாய்விட்டுச் சொல்லமாட்டார், எழுதச் சொன்னார். குறுக்கே வெட்டியவர் அவர். உங்கள் கோப்பில் உள்ள கண்டனக் குறிப்பு அவருடையது. இந்த மடலைச் சட்டம் போட்டு உங்களிடம் தருகிறோம். ஒரு பிரதி நிர்வாக அலுவலகத்துக்கும் போகிறது. இனி யார் கேட்டாலும் பதில் அதில் இருக்கிறது. வேலை போனால் போகட்டும் என்கிறார். ஒப்பந்தம் வரும் மாதத்தோடு முடிகிறது என்பதையும் சேர்த்து எழுதச் சொன்னார். பெரிய தியாகி என்று யாரும் நினைத்துவிடக் கூடாதாம்.

பொறுமையின் பெட்டகமே! பொய்யெழுதாப் பேனாவே! பிழையை ஒளிக்கும் கூட்டத்தில் பிழையைத் தன் பெயரில் எழுதிய பெருமாட்டியே! நாளை முதல் எங்கள் அறையில் சீட்டு ஒரு பக்கமாக ஒட்டியிருந்தால் கத்த ஆள் இருக்காது. நாங்களே கத்திக்கொள்ள வேண்டும். முழங்காலுக்கு மருந்து போடுங்கள். டீயை முழுசாகக் குடியுங்கள். நிறையத் தண்ணீர் குடியுங்கள், நிறைய நடங்கள், நார்ச்சத்து சாப்பிடுங்கள். குடல் சுருங்காமல் இருக்க அதுதான் வழி என்று நீங்களே எங்களுக்குச் சொல்லித் தந்திருக்கிறீர்கள்.

நீங்கள் நூறாண்டு நலமாய், நோயின்றி, நொடியின்றி வாழ வேண்டும். பேரப்பிள்ளைகளை எண்ணக் கை விரல் போதாமல் கால் விரலையும் எண்ண வேண்டும். எத்தனையோ பேரின் துண்டுகளை எங்கள் மேசையில் அன்போடு வாங்கிய டாக்டரம்மா, உங்கள் உடம்பிலிருந்து கடுகளவுகூட, ஒரு நாளும், எங்கள் மேசைக்கு வரவே கூடாது என்று மனதார வேண்டி விடை கொடுக்கிறோம்.

இங்ஙனம்,
உங்களைப் பிரிந்தும் பிரியாத,
அடித்தளத்து ஊழியர்கள்
(வெட்டுமேசை, சாயம், சில்லு, கவுண்டர்)